தோற்றுப்போன டெல்லி வக்கீலும் அடைக்கலமேரியின் வீடும்

போன வாரம் இளம் வக்கீல்களான உங்களில் ஒருவர் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார். உச்ச நீதிமன்றத்தில் எந்த வக்கீல் எத்தனை வழக்கில் ஜெயித்தார், எந்த நிறுவனம் நூற்றுக்கு எவ்வளவு ஜெயித்தது என்று யாரோ கம்ப்யூட்டரில் போட்டு அலசி, பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவு மாதிரி முதல் ரேங்க், இரண்டாம் ரேங்க் என்று வரிசைப்படுத்தியிருந்தார்கள். கூடவே ஒரு கேள்வி: "மேடம், நம்ம அப்பீலை இதுல முதல்ல இருக்கிறவங்ககிட்டயே கொடுத்துடலாமா?"

பதிலைப் போனிலேயே அடிக்க ஆரம்பித்தேன். கோபத்தில் விரல் எங்கெங்கோ போனது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் கறுப்புக் கோட்டைக் கழற்றி மாட்டியாகிவிட்டது. இனி எந்த நீதிபதியின் முகக்குறிப்பையும் பார்த்துப் பேச வேண்டியதில்லை. எந்தக் கட்சிக்காரரும் என்னைத் தேடி வர வேண்டும் என்ற தேவையும் இல்லை. ஆகவே இது கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும். பிடிக்காதவர்கள் இத்தோடு மூடி வைத்துவிட்டுப் போகலாம்.

இந்த எண்ணிக்கை விவகாரத்தோடு எனக்குப் பழைய பகை. கீரனூரிலிருந்து திருச்சிக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போய்ச் சட்டம் படித்தவள் நான். புதுக்கோட்டை கோர்ட்டில் முதன்முதலாகக் கோட்டு மாட்டிக்கொண்டு நின்ற நாட்களில், வருகிற கட்சிக்காரர்கள் என் காதுபடவே கேட்பார்கள்: "இந்தப் பொம்பளை வக்கீலு இதுவரைக்கும் எத்தனை கேஸு ஜெயிச்சிருக்கு?" ஒரு கேஸும் கொடுக்காமலே எத்தனை ஜெயித்தாய் என்று கேட்டால் நான் எங்கே போவேன்? நீந்தத் தெரிந்தால்தான் குளத்தில் இறங்க விடுவேன் என்பது போலத்தான் அது. அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

என் சீனியர் அதைக் கேட்டுச் சிரிப்பார். தேறாது என்று மற்றவர்கள் திருப்பி அனுப்பிய வழக்குகளாகப் பார்த்து எடுப்பது அவர் பழக்கம். ஏன் சார் இப்படி என்றால், "ஜெயிக்கிற கேஸுக்கு வக்கீல் எதுக்கும்மா? தேதி கேட்டுச் சொல்லக் குமாஸ்தா போதுமே" என்பார். அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் வந்ததில்லை, வரவும் வராது.

சரி, அந்தப் பட்டியலில் இருக்கும் எண்கள் எப்படி விளைகின்றன என்று சொல்கிறேன். உச்ச நீதிமன்றத்துக்கு நாடு முழுவதிலிருந்தும் மனுக்கள் போகின்றன. அவற்றில் பெரும்பாலானவை முதல் நாளே, சில நிமிடங்களிலேயே தள்ளுபடி ஆகிவிடும். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் கோர்ட்டின் வேலையே அப்படி. எல்லாருடைய வரப்புத் தகராறையும் அது கேட்டுக்கொண்டிருக்க முடியாது. ஆனால் இதன் பலன் என்ன? மனு கொண்டுபோனவர் பெரும்பாலும் தோற்பார், எதிரில் நின்றவர் பெரும்பாலும் ஜெயிப்பார். எனவே விகிதம் நன்றாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படும் வக்கீல் செய்ய வேண்டியது ஒன்றுதான். எப்போதும் எதிரில் நிற்க வேண்டும். "என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள்" என்று கோர்ட்டில் முன்கூட்டியே கேவியட் மனு போட்டுவிட்டு, வழக்கு கூப்பிடும்போது எழுந்து நின்றால் போதும். நீதிபதி தள்ளுபடி என்பார். இவர் தலை வணங்கிவிட்டு வெளியே வருவார். வாயே திறக்க வேண்டாம், கணக்கில் ஒரு வெற்றி ஏறிவிடும்.

ஜலதோஷக்காரர்களை மட்டும் பார்க்கிற டாக்டரிடம் ஒரு நோயாளியும் சாக மாட்டார். அதற்காக அவரை ஊரிலேயே கெட்டிக்கார டாக்டர் என்று யாராவது சொல்வார்களா? வக்கீலுக்கு மட்டும் சொல்கிறார்கள். படித்தவர்களே சொல்கிறார்கள்.

இதெல்லாம் வெறும் வாய்ச்சவடால் என்று நினைப்பீர்கள். அடைக்கலமேரி வழக்கைச் சொன்னால்தான் விளங்கும்.

அன்னவாசலைத் தாண்டி சித்தன்னவாசல் போகிற ரோட்டோரத்தில் அடைக்கலமேரிக்கு ஒரு ஓட்டு வீடு. வீட்டுக்கு முன்னால் தகரக் கொட்டகை போட்டு இட்லிக் கடை. புருஷன் இறந்த பிறகு அந்தக் கடையை வைத்துத்தான் மகளை நர்சிங் படிக்க வைத்தார். ஓவியம் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள் திரும்பும்போது அங்கே வண்டியை நிறுத்திச் சாப்பிடுவார்கள். அந்த மனை தன்னுடையது என்று வழக்குப் போட்டவர் சவரிமுத்து, அடைக்கலமேரியின் புருஷனுக்குச் சித்தப்பா மகன். சிங்கப்பூரில் சம்பாதித்துத் திரும்பியவர். அந்த இடத்தில் சுற்றுலாக்காரர்களுக்கு லாட்ஜ் கட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பாகப்பிரிவினையில் அந்த மனை தன் அப்பாவுக்குத்தான் வந்தது என்று உண்மையாகவே நம்பினார். பங்காளிச் சண்டையில் இரண்டு பக்கமும் உண்மையாகத்தான் நம்புவார்கள்.

புதுக்கோட்டையில் இரண்டு கோர்ட்டிலும் அடைக்கலமேரிக்கு நான்தான் வக்கீல். இரண்டிலும் ஜெயித்தோம். மதுரை ஹைகோர்ட்டில் சவரிமுத்து போட்ட இரண்டாம் மேல்முறையீட்டில் எங்களுக்காக வேறு ஒரு வக்கீல் அலுவலகம் ஆஜரானது. அங்கே அடைக்கலமேரி தோற்றார். இனி சவரிமுத்து இடத்தைக் காலி செய்யச் சொல்லலாம், வீட்டை இடிக்கலாம். அடைக்கலமேரி தீர்ப்பு நகலோடு திரும்ப என்னிடம் வந்து நின்றார். வேறு போக்கிடம் இல்லாத ஒரு பெண்ணின் கூரை அந்தக் காகிதக் கட்டில் இருந்தது. டெல்லிக்குப் போவதைத் தவிர எனக்கும் வேறு வழி தெரியவில்லை.

அப்போதும் இதே மாதிரி ஒரு பட்டியல் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் முதலிடத்தில் இருந்த நிறுவனத்துக்கு நானே போன் போட்டேன். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் வழக்கு என்ன என்று கேட்கவே இல்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று, நீங்கள் மனுதாரரா, எதிர்மனுதாரரா? மனுதாரர் என்றேன். இந்த மாதிரி சிவில் வழக்குகளில் மனுதாரர் தரப்பை இப்போது எடுப்பதில்லை என்று சொல்லி வைத்துவிட்டார். கொஞ்ச நாளில் சவரிமுத்து அதே நிறுவனத்துக்குப் போனார். அவர் எதிர்மனுதாரர் அல்லவா, அவரைச் சிவப்புக் கம்பளம் விரித்து வரவேற்றார்கள்.

நான் கடைசியில் பிடித்த ஆள் சிவகங்கைப் பக்கத்துக்காரர். டெல்லியிலேயே காலம் கழித்தவர். பட்டியலில் அவரைத் தேடினால் கீழே, இன்னும் கீழே என்று விரலால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். அவரும் கேஸ் என்ன என்று உடனே கேட்கவில்லை. "வீட்டுல இப்ப யாரு இருக்காங்க மேடம்?" என்றுதான் கேட்டார். அடைக்கலமேரிதான் குடியிருக்கிறார், கடையும் நடக்கிறது என்றேன். "அப்படின்னா மொதல்ல இடிக்காம இருக்கத் தடை வாங்குவோம். மத்ததை அப்புறம் பார்ப்போம்" என்றார். சொன்னபடியே முதல் விசாரணையில் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸும், அதுவரை வீட்டை இருக்கிறபடியே விட்டுவைக்க உத்தரவும் வாங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு நானும் அவரும் போனிலேயே ஆவணங்களை ஒவ்வொரு பக்கமாக ஒத்துப் பார்த்தோம். அப்போதுதான் கோளாறு பிடிபட்டது. கீழ்க்கோர்ட்டில் நாங்கள் தாக்கல் செய்திருந்த வீட்டு வரி ரசீதுகளும் பழைய மின் இணைப்புச் சான்றும் மதுரைக்குப் போன நகல் கட்டில் இல்லை. நகல் எடுத்தவர்கள் அந்தப் பக்கங்களை விட்டுவிட்டார்கள். முன்னால் இல்லாத காகிதத்தை நீதிபதி எப்படிப் பார்ப்பார்? குடியிருந்ததற்கு ஆதாரம் இல்லை என்று எழுதிவிட்டார். அவர்மேல் தப்பே கிடையாது.

அடுத்த விசாரணைக்கு முன்தினம் எங்கள் டெல்லிக்காரர் போன் செய்தார். ஆபீஸில் அடைக்கலமேரியும் இருந்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"மேடம், பெஞ்சு மாறியிருக்கு, வேற ஜட்ஜுங்க. இந்த மாதிரி கேஸெல்லாம் அவங்க நிக்க விடுறதில்லை. நான் சட்டம் பேசிக்கிட்டு நின்னா, தள்ளுபடின்னு ஒரே வார்த்தையில முடிச்சுருவாங்க. அப்புறம் மதுரைக்குத் திரும்பிப் போனாலும், டெல்லியிலயே தள்ளியாச்சேன்னு அங்க ஒரு முணுமுணுப்பு இருக்கும். அதுக்கு முன்னாடி நானே வாபஸ் வாங்கிக்கிறேன். மதுரையிலயே அவங்க தீர்ப்பைத் திரும்பப் பார்க்கச் சொல்லி சீராய்வு மனு போட அனுமதி கேட்கிறேன். விட்டுப்போன பக்கத்தை அங்க காட்டலாம். அதுவரைக்கும் வீட்டைத் தொடக்கூடாதுன்னும் கேட்கிறேன்."

"வாபஸ்னா ஒங்க கணக்குல தோல்வின்னுதானே ஏறும்?" என்று கேட்டேன்.

"என் கணக்கு ஏற்கெனவே சந்தி சிரிக்குது. அதுல ஒண்ணு கூடினா என்ன, குறைஞ்சா என்ன? ஆனா கட்சிக்காரங்க சம்மதம் இல்லாம அந்த வார்த்தையை நான் வாயில எடுக்க மாட்டேன். கேட்டுச் சொல்லுங்க."

போனை வைத்ததும் அடைக்கலமேரி என்னைப் பார்த்தார்.

"வாபஸ் வாங்குறதுன்னா நான் பயந்துட்டேன்னுல்ல ஊர்ல பேசுவாங்க?"

"பேசுவாங்க."

"சவரிமுத்து தம்பி வெடி போடுமே."

"போடும்."

"வீடு நிக்குங்களா?"

"நிக்க வழி இருக்கு. சத்தியம் பண்ணிச் சொல்ல என்னால முடியாது."

எனக்கு உள்ளூர அவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. மானத்துக்குப் பயந்து வழக்கைத் தொலைத்த எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் எழுந்து சேலையை உதறிக்கொண்டார்.

"வெடி போட்டாப் போடட்டும் மேடம். அந்தச் சத்தம் எம்புட்டு நேரம் கேக்கப்போகுது? வாங்கச் சொல்லுங்க."

மறுநாள் காலையில் விசாரணையை லேப்டாப்பில் பார்த்தோம். இப்போதுதான் இங்கிருந்தே பார்க்கலாமே. எதிர்த்தரப்பில் அந்த முதலிட நிறுவனத்தின் பெரிய வக்கீல் நின்றார். பின்னால் இளைஞர் கூட்டம். எங்கள் ஆள் ஒற்றை ஆளாக, சட்டையின் கழுத்துப்பட்டை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றார்.

"இதில் என்ன இருக்கிறது?" என்று நீதிபதி கேட்டார்.

அந்தக் கணத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். எங்கள் ஆளிடம் நல்ல சட்ட வாதம் ஒன்று இருந்தது. வாரக்கணக்கில் தயார் செய்தது, எனக்கும் சொல்லிக் காட்டியிருந்தார். பேசியிருந்தால் அறையில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். ஆனால் அவர் அதைத் தொடவே இல்லை. கீழ்க்கோர்ட்டில் இருந்த வரி ரசீதுகள் மதுரைக்குப் போன கட்டில் விட்டுப்போயின என்று ஒரே வாக்கியம் சொன்னார். நீதிபதி பக்கத்தைப் புரட்டினார். "அதை அங்கேயே போய்ச் சொல்ல வேண்டியதுதானே?" என்றார். எங்கள் ஆள் அந்தக் கேள்வியைக் கீழே விழ விடவில்லை. அனுமதி கொடுத்தால் இப்போதே வாபஸ் பெறுகிறேன், அதுவரை அந்தப் பெண் குடியிருக்கும் வீட்டை யாரும் தொடக்கூடாது என்றார். நீதிபதி எதிர்ப்பக்கம் பார்த்தார். பெரிய வக்கீல் அதற்குள் கட்டை மூடியிருந்தார். ஆட்சேபம் இல்லை என்பது போலத் தலையசைத்தார். மனு வாபஸ் பெறப்பட்டதால் தள்ளுபடி, சீராய்வு கோர அனுமதி, சீராய்வு மனு விசாரணைக்கு வரும்வரை வீடு இருக்கிறபடியே இருக்க வேண்டும். நீதிபதி சொல்லி முடித்ததும் அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அழகான வாதத்தைத் தொண்டையிலேயே நிறுத்துவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று வக்கீலாக இருப்பவர்களுக்குத்தான் தெரியும். அந்த இடத்தில் நான் நின்றிருந்தால் பேசியிருப்பேன் என்றே நினைக்கிறேன். என் வாய் அப்படி.

அடைக்கலமேரி பஸ் ஏறி ஊருக்குப் போனார். மத்தியானம் அவரிடமிருந்து போன் வந்தது.

"மேடம், வெடி போட்டாச்சு. அதுவாவது நீங்க சொன்னதுதான். ஆனா ஜேசிபி வந்து நிக்குதே, அதைச் சொல்லலையே?"

நடந்தது என்னவென்றால், அந்த டெல்லி நிறுவனத்திலிருந்து சவரிமுத்துவுக்கும் அவருடைய புதுக்கோட்டை வக்கீலுக்கும் செய்தி வந்திருக்கிறது. வழக்கு தள்ளுபடி, வாழ்த்துகள், பூங்கொத்துப் படம். அவ்வளவுதான். உத்தரவின் மீதிப் பாதியை அனுப்பவே இல்லை. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. வெற்றியா தோல்வியா என்று தெரிந்ததும் அவர்களுக்கு அந்த வழக்கு முடிந்துபோயிற்று, அவ்வளவுதான் விஷயம். கோர்ட்டு இணையதளத்தில் பார்த்தால் அங்கேயும் தள்ளுபடி என்ற நிலை மட்டும்தான் தெரிந்தது. உத்தரவு நகல் சாயங்காலமோ மறுநாளோதான் ஏறும். அதற்குள் சுவர் விழுந்துவிட்டால்? இடிந்த வீட்டை எந்தச் சீராய்வு மனுவும் எழுப்பிக் கொடுக்காது.

நம் தொழிலில் இதற்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. தடை உத்தரவு கிடைத்ததும் நகல் வரக் காத்திருக்காமல், ஆஜரான வக்கீலே என்ன உத்தரவு என்று தன் கையெழுத்தில் எழுதிக் கொடுப்பார். அந்தக் காலத்தில் தந்தி அடிப்போம். வக்கீலின் வார்த்தை என்பதால் அதற்கு மதிப்பு. டெல்லிக்காரரிடம் சொன்னேன். தன் லெட்டர்ஹெட்டில் உத்தரவை ஒரு சொல் விடாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பினார். பிரிண்ட் எடுத்துக்கொண்டு காரில் ஏறியபடியே சவரிமுத்துவின் உள்ளூர் வக்கீலைக் கூப்பிட்டேன். நானும் அவரும் வக்கீல்கள் கூடும் பார் ரூமில் ஒன்றாக டீ குடிப்பவர்கள், கோர்ட்டுக்குள் கீரியும் பாம்பும்.

"சார், ஒங்க கட்சிக்காரர் மெஷினைக் கொண்டாந்து நிறுத்தியிருக்காரு."

"டிஸ்மிஸ் ஆயிருச்சுல்ல மேடம்? டெல்லி ஆபீஸ்லேர்ந்து மெசேஜ் வந்துச்சே."

"முழு உத்தரவையும் கேட்டீங்களா?"

"டிஸ்மிஸ்னா டிஸ்மிஸ்தானே?"

கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "காப்பி இருக்கா?" என்றார் அவர்.

"காப்பி வரும் சார். வர்றதுக்குள்ள சுவர் விழுந்தா, கோர்ட்டு அவமதிப்பு மனுவுல ஒங்க கட்சிக்காரர் பேருதான் இருக்கும். டெல்லி ஆபீஸ் பேரு இருக்காது. அவங்க ஜெயிச்சுட்டுப் போயிட்டாங்க."

"நீங்க அங்கிட்டுப் போங்க மேடம். நானும் நேரா வாரேன்."

நான் போய்ச் சேர்ந்தபோது ரோடெங்கும் வெடிக் காகிதம். கொட்டகைக்குப் பக்கத்தில் ஜேசிபி நின்றது, கையை மேலே தூக்கியபடி. ஆனால் ஓட்டுநர் இருக்கையில் ஆள் இல்லை. அவர் கொட்டகைக்குள் பெஞ்சில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அடைக்கலமேரி சாம்பார் வாளியோடு பக்கத்தில் நின்றார்.

"இன்னும் ரெண்டு வைக்கட்டுமா? வெயில்ல வந்திருக்கீங்க, வெறும் வயித்தோட வேலை செய்யக் கூடாது."

"போதுங்கம்மா" என்றார் ஓட்டுநர். அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. இடிக்க வந்த இடத்திலேயே சாப்பிட உட்கார்ந்துவிட்டோமே என்ற சங்கடம் முகத்தில் தெரிந்தது.

"ஒண்ணே ஒண்ணு. சட்னி இப்பத்தான் அரைச்சேன்."

சவரிமுத்து ரோட்டில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். "மதினி, என்ன வெளையாட்டா? அந்தாளை விடுங்க, வேலையைப் பார்க்கட்டும்."

"சாப்பிடுற மனுசனை எழுப்புறது பாவம் தம்பி. நீங்களும் வாங்க, ஒங்களுக்கும் எலை போடுறேன்."

எனக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. கடிதத்தைச் சவரிமுத்துவிடம் நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"மேடம், சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு. அதுக்கு மேல கோர்ட்டு எங்க இருக்கு? இது யாரு எழுதுனது? தோத்துப்போன வக்கீலு எழுதுன லெட்டரு. எங்க ஆளு யாரு தெரியுமா? இந்தியாவுலயே மொத ஆளு."

என்னை அறியாமல் குரல் உயர்ந்துவிட்டது. "அப்படியா? அந்த மொத ஆளுக்குப் போன் போடுங்க. இப்பவே போடுங்க. இடிக்கலாமான்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. இடிக்கலாம்னு அவரு சொல்லட்டும், நானே ஒதுங்கி நிக்கிறேன். ஸ்பீக்கர்ல போடுங்க, எல்லாரும் கேக்கட்டும்."

நான் சொன்னது துணிச்சல் மாதிரி தெரியும். யாராவது ஒரு அவசரக்குடுக்கை ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? ஆனால் ஒன்று எனக்குத் தெரியும். தன் வெற்றி விகிதத்தைக் கண்ணின் மணி போலக் காப்பாற்றுகிற எந்த அலுவலகமும், தன் பெயரில் ஒரு சுவர் இடிவதற்குச் சம்மதம் சொல்லாது.

சவரிமுத்து போன் போட்டார். பெரிய வக்கீல் வரவில்லை, யாரோ ஓர் இளைஞர் பேசினார். சவரிமுத்து சிங்கப்பூரில் கற்ற ஆங்கிலத்தில் கேட்டார். எங்களைப் பொறுத்தவரை வழக்கு முடிந்துவிட்டது, மேற்கொண்டு ஆலோசனை வேண்டுமென்றால் மின்னஞ்சல் அனுப்புங்கள், போனில் எதுவும் சொல்ல இயலாது என்று பதில் வந்தது. "இடிக்கலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்க சார்" என்று சவரிமுத்து தமிழிலேயே கத்தினார். இணைப்புத் துண்டிக்கப்பட்டது.

அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பரிதாபமாக இருந்தது. இந்தியாவின் முதல் ஆளிடம் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. ரோட்டில் கூடியிருந்தவர்கள் எல்லாரும் அதைக் கேட்டுவிட்டார்கள்.

அந்த நேரத்தில் உள்ளூர் வக்கீல் பைக்கில் வந்து இறங்கினார். கோட்டுகூடக் கழற்றவில்லை. என்னிடமிருந்து கடிதத்தை வாங்கிப் படித்தார். சவரிமுத்துவின் தோளில் கை போட்டு அப்பால் கூட்டிப்போனார். என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. சவரிமுத்து இரண்டு தடவை கையை உதறினார், பிறகு தலையைத் தொங்கப்போட்டார். வக்கீல் திரும்பி வந்து கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார்.

"சாப்பிட்டாச்சாப்பா? வண்டியை எடு. இன்னைக்கு வேலை இல்லை."

அன்றைக்கு ஜெயித்த பக்கத்து வக்கீல் அவர். வாயை மூடிக்கொண்டு புதுக்கோட்டையிலேயே இருந்திருந்தால் யாரும் அவரைக் குற்றம் சொல்லியிருக்க முடியாது. மெசேஜ் அப்படித்தானே வந்தது என்று கை கழுவியிருக்கலாம். வேகாத வெயிலில் பைக்கை எடுத்துக்கொண்டு வந்து, தன் கட்சிக்காரரின் கோபத்தையும் வாங்கிக்கொண்டு, எதிர்த்தரப்புப் பெண்ணின் வீட்டைக் காப்பாற்றினார். தன் கட்சிக்காரரையும் ஜெயிலுக்குப் போகாமல் காப்பாற்றினார். இதை எந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றுவீர்கள்? எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்? எனக்கு யாராவது சொன்னால் தேவலை.

சாயங்காலம் நகல் இணையத்தில் ஏறியது. கடிதத்தில் இருந்தது அப்படியே அதில் இருந்தது. மதுரையில் சீராய்வு மனு போட்டோம். விட்டுப்போன பக்கங்களைப் பார்த்ததும் பழைய தீர்ப்பைத் திரும்பப் பெற்று, மேல்முறையீட்டை மறுபடி விசாரித்தார்கள். இந்தத் தடவை சவரிமுத்துவின் மேல்முறையீடு தள்ளுபடி ஆனது.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பட்டியலில் முதலில் இருப்பவர்களிடம் கொடுக்கலாமா? தாராளமாகக் கொடுங்கள், அவர்கள் எடுத்துக்கொண்டால். கெட்டிக்காரர்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த எண்ணைப் பார்த்து மயங்கிக் கொடுக்காதீர்கள். எந்தப் பக்கம் நின்று ஜெயித்தார்கள், யார் வாசலில் நின்றபோது கதவைச் சாத்தினார்கள் என்று விசாரித்துவிட்டுக் கொடுங்கள். உங்களையும் நாளைக்கு எவராவது இந்தத் தராசில் நிறுத்துவார்கள். நின்றுவிடாதீர்கள். உங்கள் விகிதம் கெட்டுவிடும் என்று பயந்து ஒரு கட்சிக்காரரைத் திருப்பி அனுப்புகிற அன்றைக்கே நீங்கள் வக்கீல் இல்லை, கல்லாவில் உட்கார்ந்திருக்கிற ஆள். அப்படி ஒருவர் எங்கள் பார் ரூமுக்குள் நுழைந்தால், ஓய்வு பெற்றவள் என்றும் பார்க்காமல் நான் வந்து சண்டை போடுவேன்.

கடைசியாக ஒரு சங்கதி. மதுரையில் தோற்றபின் சவரிமுத்து மறுபடி டெல்லிக்குப் போகப் பார்த்தார். ஜெயித்துக் கொடுத்தவர்கள்தானே என்று அதே நிறுவனத்துக்குப் போன் போட்டார். அந்த உள்ளூர் வக்கீல்தான் கேன்டீனில் இதைச் சொன்னார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மேடம், எடுத்த எடுப்புலயே நீங்க மனுதாரரா, எதிர்மனுதாரரான்னு கேட்டாங்களாம். இந்தத் தடவை நான்தான் மனுதாரர்னு இவரு சொல்லியிருக்காரு. அந்தப் பக்கம் எடுக்கிறதில்லைன்னு வச்சுட்டாங்களாம்!" டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கேட்டார், "ஒங்க டெல்லிக்காரர் நம்பர் கிடைக்குமா?"

"அவரு எங்க பக்கம் நின்னவரு சார். ஒங்க பக்கம் எப்படி வருவாரு?"

"தெரியும் தெரியும். ஒரு ஆசைக்குக் கேட்டேன்."

சவரிமுத்து அதோடு விட்டுவிட்டார். அந்த நிறுவனம் தன் இணையதளத்தில் இந்த வழக்கை இன்னமும் வெற்றி என்றே போட்டிருக்கிறது. எங்கள் டெல்லிக்காரர் கணக்கில் அது தோல்வி. இரண்டையும் திருத்தச் சொல்லி யாரும் எழுத வேண்டாம். எண்ணுகிறவர்கள் எண்ணிக்கொண்டே இருக்கட்டும். அவர்கள் ஜெயித்த அந்த மனையில்தான் அடைக்கலமேரி குடியிருக்கிறார்.